கார் விளம்பரத்தின் பொடி எழுத்தும் தமிழில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுதபூஜையும் தீபாவளியும் நெருங்கினால் நாளிதழ்களில் கார் விளம்பரம் முழுப்பக்கத்துக்கு வந்துவிடுகிறது. சிவப்புக் கோடு, இரட்டைச் சைலன்சர், இன்ஜின் சக்தி '120 பி.எஸ்.' (குதிரைத்திறன் அளவு) என்று கொட்டை எழுத்து. எந்தக் காருக்காக அந்தப் பக்கத்தை வாங்குகிறார்கள் என்பது தெரிந்தால், கடலூரிலிருந்து புதுச்சேரி ஷோரூமுக்குப் போகும் வாசகர் தெளிவோடு போவார்.

கம்பெனியின் அதிவேகக் கார் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்கு வராது. 2025-இல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். இந்தியா முழுமைக்கும் 100 கார்தான். ஏறத்தாழ 50 லட்சம் ரூபாய் விலை, முன்பதிவிலேயே தீர்ந்தது. 2020-இல் வந்த ஆர்.எஸ். 245-உம் 200 தான். தானாக விற்றுத் தீரும் சரக்குக்கு மாவட்டப் பதிப்பில் பணம் போட வேண்டியதில்லை. 2016-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி.ஐ. போலச் சில கார்கள் தேங்கியதும் உண்டு. வந்தது 99 கார், விலை சுமார் 26 லட்சம், மறு ஆண்டே 6 லட்சம் குறைத்தார்கள். 99 காருக்கும் முழுப்பக்க விளம்பரம் கட்டுப்படியாகாது.

பக்கம் கிடைப்பது, எல்லா ஷோரூமிலும் இருப்பில் உள்ள, பக்கத்திலேயே சாதாரண மாடலும் நிற்கிற காருக்கு. கோடு போட்டதைப் பார்க்க வருபவர்களில் பலர் கோடு இல்லாததை வாங்குவார்கள் என்பதே கணக்கு. இதில் வரிக்கும் பங்குண்டு. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசி-க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மீறினால் 40 (22.9.2025 முதல்). வெளிநாட்டில் விற்ற ஹூண்டாய் 'ஐ20 என்' (i20 N) காரில் 1.6 லிட்டர், 204 பி.எஸ். இன்ஜின். நமக்கு வந்தது அந்த வரி வரம்புக்குள் அடங்கும் 998 சிசி, 120 பி.எஸ். கொண்ட 'என் லைன்' (N Line). 2021-இல் அது வந்தபோது அதே இன்ஜின் சாதாரண ஐ20 டர்போவிலும் இருந்தது. கூடுதலாகக் கிடைத்தவை இறுக்கமான சஸ்பென்ஷன், பின் சக்கர டிஸ்க் பிரேக், மாற்றிய சைலன்சர் சத்தம். எங்கள் கணிப்பில் கொட்டை எழுத்தில் வர வேண்டியது அந்த டிஸ்க் பிரேக்தான்.

120 என்ற எண்ணும் முழுக்கதை சொல்லாது. 120 பி.எஸ். என்பது, இன்னொரு குதிரைத்திறன் அளவான பி.எச்.பி.-யில் 118; பெரிய எண்ணாகத் தெரிவதை அச்சிடுகிறார்கள். அந்த 120 கிடைப்பது இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும்போது (ஆர்.பி.எம்.). நம் சாலையில் பஸ்ஸை முந்தும்போது கைகொடுப்பது 1,500 முதல் 4,000 ஆர்.பி.எம். வரை கிடைக்கும் 172 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவைத் திறன். ஆகவே ஓட்டிப் பார்க்கும்போது நாலு பேர் ஏறி, ஏ.சி. போட்டு, மூன்றாவது கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து மிதித்துப் பாருங்கள். பிக்கப் அங்கே தெரிந்துவிடும்.

மின்சாரக் கார்களில் இன்னும் கவனம் வேண்டும். டாடா ஹாரியர் இ.வி. 6.3 நொடியில் 100 கி.மீ. எட்டுவதாகச் சொல்வது இரட்டை மோட்டார் வகைக்கு, அதுவும் முழுச் சக்தியும் தரும் பூஸ்ட் மோடில். ஒற்றை மோட்டார் வகைக்கு அது பொருந்தாது. எந்த கம்பெனி விளம்பரமானாலும் 'முதல்' என்று போடும் விலை கீழ் மாடலுடையது. பெரிய எண் பெரும்பாலும் மேல் மாடலுடையது. இரண்டும் ஒரே காருக்கா என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். பின் பிரேக் டிஸ்க்கா டிரம்மா, உதிரிபாகம் புதுச்சேரியிலேயே கிடைக்குமா, சென்னையிலிருந்து வர வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்த விவரங்கள் விளம்பரத்தின் அடியில் எறும்பு வரிசையாக, பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, விளம்பரம் எந்த மொழியில் சொல்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் அடிக்குறிப்பும் இருக்க வேண்டும். மீறினால் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வாசகர்கள் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

தங்கள் விளம்பரப் பிரிவு, அடுத்த கார் விளம்பரத்தை ஏற்கும்போதே அடிக்குறிப்பைத் தமிழில், கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவில் கேட்டு வாங்கி அச்சிடும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
மஞ்சக்குப்பம், கடலூர்.