பெட்டிக்கு முன்பதிவு செய்யாதே

ஸ்காபரோ
டிசெம்பர் 2025

அன்பு மகனுக்கு,

2026-இல் வரும் பேஸ்போல் கார்ட்டுகளுக்கு ஐந்நூறு டொலர் ஒதுக்கியிருக்கிறேன், பக்கற்றுகள் அடங்கிய எந்தப் பெட்டிக்கு முன்பதிவு செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். எதற்கும் செய்யாதே. இவ்வளவுதான் பதில். ஆனால் சொன்னவுடன் கேட்கிற பிள்ளை இல்லை நீ, அதனால் காரணங்களையும் எழுதுகிறேன்.

கார்ட் அச்சிடும் டொப்ஸ் கொம்பனியின் வருடம் சீரிஸ் 1 என்ற தொகுதியில் தொடங்கும். 2024-இல் அது பெப்ரவரி 14, 2025-இல் பெப்ரவரி 12, இரண்டும் புதன்கிழமை. வரும் ஆண்டும் அதே வாரத்தை ஒட்டித்தான் எதிர்பார்க்க வேண்டும். வசந்தத்தில் ஹெரிட்டேஜ் வரும். 49 ஆண்டு பழைய வடிவமைப்பை எடுத்துப் புது ஆட்டக்காரரைப் போடுவது அதன் வழக்கம். 2001-இல் 1952 வடிவத்தோடு தொடங்கியது, அந்தக் கணக்கில் இனி வர வேண்டியது 1977. மே மாதத்தை ஒட்டிப் போமன், ஜூனை ஒட்டி சீரிஸ் 2, கோடையில் பளபளப்புப் படலமிட்ட டொப்ஸ் க்ரோம், பிறகு போமன் க்ரோம், ஒக்டோபர் நவம்பர் பக்கம் அப்டேட், அதன் பின்னால் க்ரோம் அப்டேட், வருடக் கடைசியில் போமன் ட்ராஃப்ற். இவை இல்லாமல் இன்னும் எத்தனையோ சில்லறைத் தொகுதிகள் உண்டு. உன் ஐந்நூறு டொலருக்கு அவை தேவையில்லை.

டொப்ஸ் தன் முதல் தனிப் பேஸ்போல் கார்ட் தொகுதியைப் போட்டது 1951-இல். 2026-இல் 75 ஆண்டு ஆகிறது. ஆகவே பழைய வடிவங்களில் துணைத் தொகுதிகள் தாராளமாக வரும் என்று நினைக்கிறேன். பார்க்க அழகாக இருக்கும், விற்கப் போனால் வாங்க ஆள் இருக்காது. பிடித்ததை ஒன்றிரண்டு ஒற்றைக் கார்ட்டாக வாங்கி வை.

வெளியீட்டு நாட்காட்டியில் மாதம் மட்டும் போட்டிருந்தால் அதை நம்பித் திட்டம் போடாதே. ஆட்டக்காரர் கையொப்பமிட்ட தாள்கள் திரும்பி வரத் தாமதமானாலும், அச்சு இழுபட்டாலும் திகதி நகரும். போமன் ட்ராஃப்ற் அடுத்த வருடத்துக்குள் வழுக்கினாலும் ஆச்சரியப்படாதே. கடைகள் எல்லாம் ஒரே புதன்கிழமையைச் சொல்லத் தொடங்கிய பிறகு குறித்துக்கொள்.

இனி நீ கேட்ட ஆளுக்கு வருகிறேன். பந்துவீச்சாளன் ட்ரே யெசாவேஜ் ரொறன்ரோ அணியான புளூ ஜேய்ஸுக்கு முதல் ஆட்டம் ஆடியது 2025 செப்ரெம்பர் 15. வருடத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தான், ஒரு புதுமுகத்துக்கு அது சாதனை. ஏழாவது ஆட்டத்தில் அணி தோற்றாலும் ரொறன்ரோவில் அவன் கார்ட்டின் விலை இறங்கப் போவதில்லை. செப்ரெம்பரில் வருகிறவனுடைய முறையான ஆர்.சி. (ரூக்கி கார்ட், அதாவது புதுமுகக் கார்ட்) முத்திரைக் கார்ட்டை அடுத்த ஆண்டுத் தொகுதியில்தான் எதிர்பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த வருடத்துத் தொகுதிகள் பெரும்பாலும் அச்சுக்குப் போய்விட்டிருக்கும். ஆனால் சீரிஸ் 1-இலா சீரிஸ் 2-இலா என்பது செக்லிஸ்ட், அதாவது தொகுதியில் உள்ள கார்ட்டுகளின் பட்டியல், கையில் வரும் வரை உறுதியில்லை. சீரிஸ் 1-இல் இருப்பான் என்று நம்பி இரண்டு பெட்டிக்குக் காசு கட்டி, பட்டியலில் அவன் பெயர் இல்லாமல் போனால், அந்தப் பெட்டிகளை உடைத்து என்ன பயன்?

ஆர்.சி. முத்திரை 2006-இல்தான் வந்தது. போமனில் உள்ள '1st' முத்திரை வேறு. அது அந்த ஆளின் முதல் போமன் கார்ட் என்பதற்கான அடையாளம், பெரிய லீக்குக்கு வருவதற்குப் பல காலம் முன்பே வரும். நட்சத்திர ஆட்டக்காரன் மைக் ட்ரவுட்டை எடு. போமன் க்ரோம் கையொப்பக் கார்ட் 2009, ஆர்.சி. 2011 அப்டேட்டில் 'யூ.எஸ்.175' எண் கார்ட். அந்த 2009 கார்ட்டின் சூப்பர்ஃப்ராக்டர், உலகில் ஒன்றே ஒன்று, 2020 ஓகஸ்டில் 39 லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் போனது. அப்டேட்டை 'மிச்சம் மீதியைப் போடுகிற தொகுதி' என்று ஒதுக்குகிறவர்களுக்கு அந்த 'யூ.எஸ்.175' ஒன்றே போதும். ஆனால் அப்டேட்டில் ஒரு பொறியும் உண்டு. ஒரே ஆளுக்கு ஆர்.சி. கார்ட் ஒன்றும், 'ரூக்கி டெப்யூ' என்று எழுதிய கார்ட் இன்னொன்றும் இருக்கும். இரண்டிலும் ஆர்.சி. முத்திரை இருக்கும், இரண்டாவதற்கு விலை குறைவு. ஒன்லைனில் வாங்கும்போது பின்பக்க எண்ணைப் பார்த்து வாங்கு.

ஒரு தொகுதியைப் பற்றிய முன்தகவல் மூன்று கட்டமாக வரும். ஒவ்வொன்றையும் எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

முதலில் வருவது விற்பனைத் தாள். அதில் உள்ள படங்கள் மாதிரிப் படங்கள், மூலையில் 'மாற்றத்துக்கு உட்பட்டது' என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதில் ஒரு பெட்டியில் எத்தனை பக்கற், எத்தனை கையொப்பம், எத்தனை சட்டைத்துண்டு (ஆட்டக்காரரின் சட்டைத் துண்டு பதித்த கார்ட்) என்ற வரியை மட்டும் எடு. பெரிய நட்சத்திரத்தின் படம் போட்டிருப்பதால் அவனுடைய கார்ட் உன் பெட்டியில் இருக்கும் என்று பொருள் இல்லை. கார்ட் கடைகளில் விற்கும் சீரிஸ் 1-இன் ஹொபி பெட்டியில் ஒரு கையொப்பம் அல்லது ஒரு சட்டைத்துண்டு என்பதுதான் வாக்கு. அந்த 'அல்லது' என்ற சொல்லைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதைவிடப் பெரிய ஜம்போ பெட்டிக்கு ஒரு கையொப்பமும் இரண்டு சட்டைத்துண்டும்.

அடுத்தது செக்லிஸ்ட், வெளியீட்டுக்குச் சில நாளுக்கு முன்தான் வரும். கையொப்பப் பட்டியலை மட்டும் பிரித்து எடுத்து, உனக்குத் தேவையான பெயர்களைக் கோடிட்டு எண்ணு. நூறு பேரில் ஏழு பேரைத்தான் தெரிகிறது என்றால், பெட்டிக்கு ஒரு கையொப்பம் என்ற வாக்கின் உண்மையான மதிப்பு என்ன என்று உனக்கே விளங்கும். சில பெயர்களுக்குக் கார்ட்டுக்குப் பதில் சுரண்டும் குறியீட்டுத் துண்டு இருக்கும், ரிடெம்ப்ஷன் என்பார்கள். அதில் முடிவுத் திகதி அச்சிட்டிருக்கும், கார்ட் வரப் பல மாதம் ஆகலாம். எடுத்த அன்றே பதிந்துவிடு. பழைய ரிடெம்ப்ஷனை யாரிடமும் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதே.

மூன்றாவது சாத்தியக் கணக்கு. பக்கற்றின் பின்புறத்தில் 1:20, 1:480 என்று, அதாவது அத்தனை பக்கற்றுக்கு ஒன்று என்று இருக்கும். 1:20 என்றால் இருபது பக்கற் உள்ள பெட்டியில் கட்டாயம் ஒன்று உண்டு என்று பொருள் இல்லை. தற்செயலாகவே விழுகிறது என்று வைத்தால், இருபதிலும் ஒன்றும் வராமல் போவதற்கு 36 வீதம் வாய்ப்பு உண்டு. இன்னொன்று, அந்த எண் வகைக்குத்தான், ஆளுக்கு இல்லை. தங்க ரிஃப்ராக்டர் (தங்க நிறத்தில் மின்னும் கார்ட்) ஒவ்வோர் ஆளுக்கும் 50 பிரதி, தொகுதியில் 300 ஆட்கள், பக்கற்றில் 1:60 என்று வைத்துக்கொள். யாரோ ஒருவருடைய தங்கம் வர அறுபது பக்கற். யெசாவேஜினுடையதே வேண்டுமென்றால் 60 × 300, அதாவது 18,000 பக்கற்றுக்கு ஒன்று. இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்த பிறகும் பெட்டி வாங்கத் தோன்றினால் வாங்கு, அது உடைத்துப் பார்க்கும் ஆசைக்கு. அந்த ஆசையில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் அதைச் சேகரிப்பு என்று சொல்லிக்கொள்ளாதே.

க்ரோமில் நிறங்களின் வரிசை பெரும்பாலும் மாறாது. தங்கம் 50, செம்மஞ்சள் 25, சிவப்பு 5, சூப்பர்ஃப்ராக்டர் 1. மற்ற நிறங்கள் தொகுதிக்குத் தொகுதி மாறும், எண் அச்சிடாத நிறங்களும் ஏராளம். 'அரிது' என்று விற்கிறவன் எண்ணைக் காட்டாவிட்டால் நகர்ந்துவிடு. அணிச் சின்னம் இல்லாத சட்டையோடு கார்ட் இருந்தாலும் யோசி. 2010 முதல் எம்.எல்.பி. (பெரிய லீக்) சின்னங்கள் டொப்ஸுக்கு மட்டும்தான், 2022 தொடக்கத்தில் டொப்ஸை ஃபனற்றிக்ஸ் கொம்பனி வாங்கிவிட்டது. சின்னமில்லாதவை திரும்ப விற்கும்போது பெரும்பாலும் குறைந்த விலைக்குத்தான் போகும்.

எல்லோரையும் பெட்டி உடைக்க வைக்கிற கதை ஒன்று உனக்கும் தெரியும். பைரேற்ஸ் அணியின் பந்துவீச்சாளன் போல் ஸ்கீன்ஸ் தன் முதல் ஆட்டத்தில் அணிந்த சட்டையின் சின்னத்தைக் கார்ட்டில் பதித்து, கையொப்பத்தோடு ஒன்றே ஒன்றாக 2024 க்ரோம் அப்டேட்டில் போட்டார்கள். லொஸ் ஏஞ்சலஸில் பதினொரு வயதுப் பையனுக்குக் கிடைத்தது. பைரேற்ஸ் அணி அதற்கு முப்பது வருட சீசன் ரிக்கெற் தருவதாகச் சொல்லியும் கொடுக்கவில்லை, 2025 மார்ச்சில் 11 லட்சத்து 10 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. அந்தப் பையனுக்கு நல்ல காலம். அந்தக் கதையைக் கேட்டு உடைக்கப்பட்ட மற்றப் பெட்டிகளைப் பற்றி யாரும் செய்தி எழுதுவதில்லை.

முன்பதிவில் இன்னொரு சிக்கல், கடைக்கு வரும் ஒதுக்கீடு. கொம்பனி குறைவாக அனுப்பினால் கடை உன் பதிவை ரத்துச் செய்யும், அல்லது விலையைக் கூட்டிக் கேட்கும். காசு பதிவன்றா அனுப்பும் அன்றா எடுக்கப்படும், ரத்தானால் எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு சதமும் கட்டாதே. பலர் காசு போட ஒருவர் பெட்டி உடைத்து அணிவாரியாகக் கார்ட் பிரித்துக் கொடுக்கும் பிரேக்கில் இடம் வாங்குவதென்றால், அணியை நீயே தேர்ந்தெடுக்கும் வகையில் செக்லிஸ்ட் வந்த பிறகு மட்டும் வாங்கு. சீட்டுக் குலுக்கி அணி தரும் வகை வேண்டாம்.

ஒற்றைக் கார்ட்டுகளின் விலை வெளியான முதல் இரண்டு நாளில் உச்சியில் இருக்கும், ஏனென்றால் பொறுமை இல்லாதவர் நிறைய, சரக்கு கொஞ்சம். பிரேக் நடத்துகிறவர்கள் நூற்றுக்கணக்கில் உடைத்து, தங்களுக்கு வேண்டாததை ஏலத்தில் போடத் தொடங்கியதும் சரியும். மூன்றாவது வாரத்தில் வாங்கு. அடிப்படை ஆர்.சி.யும் எண்ணில்லாத நிறங்களும் அப்போது நல்ல விலைக்கு வரும். 25-க்கும் குறைவாக எண்ணிட்ட கார்ட்டுக்கு இந்த விதி பொருந்தாது. அது வரும்போதுதான் வரும். கேட்கும் விலையைப் பார்க்காதே, விற்று முடிந்த விலையை வடிகட்டிப் பார். அமெரிக்காவிலிருந்து தபாலில் எடுத்தால் 20 கனேடிய டொலருக்கு மேல் வரி வரும் என்பதையும் தபால் செலவையும் நாணய மாற்றையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். உள்ளூரில் நீ கட்டுவது 5 வீதம், இங்கே எங்களுக்கு 13, ஆகவே கல்கரிக் கடையில் வாங்கு, என்னிடம் வாங்கி அனுப்பச் சொல்லாதே.

ஆக, 500 டொலரில் 350 ஒற்றைக் கார்ட்டுகளுக்கு, மார்ச் தொடக்கம், ஜூன் கடைசி, க்ரோம் வந்து மூன்றாம் வாரம் என்று பிரித்து. ஒரு பிளாஸ்டர் (சிறிய) பெட்டி, ஆசைக்கு. மிச்சத்தை அப்டேட்டுக்கு வை.

கல்கரியின் வறண்ட காற்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். க்ரோம் கார்ட்டின் ஒரு பக்கம் பளபளப்புப் படலம், மறு பக்கம் தாள். காற்றில் ஈரம் குறைந்தால் தாள் சுருங்கும், படலம் சுருங்காது, கார்ட் வளையும். வளைந்ததைப் புத்தகத்தின் கீழ் வைத்து அழுத்தாதே, மேற்பரப்பில் தடம் விழும். எடுத்தவுடன் மென் ஸ்லீவில் போட்டு, டொப்லோடரில் (கெட்டிப் பிளாஸ்டிக் உறை) இறக்கி, ஹீற்றர் துவாரத்துக்கு எட்டத்தில் நிமிர்த்தி வை. ஸ்லீவ் இல்லாமல் நேரே டொப்லோடரில் சொருகினால் மூலை மடங்கும். சாதாரணக் கார்ட்டுக்கு 35 பொயின்ற் தடிப்பு போதும், சட்டைத்துண்டுக் கார்ட்டுக்கு 75 முதல் 130 வரை வேண்டும், அளந்து வாங்கு. அனுப்பும்போது ஒட்டுவதற்கு நீலப் பெயின்ரர் ரேப். சாதாரண ஒட்டு ரேப்பின் பசை டொப்லோடரில் ஊறிவிடும்.

கார்ட்டுக்கு 10 வரை தரம் போடும் பி.எஸ்.ஏ. கொம்பனிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் முதலில் நான்கு ஓரத்தின் அகலத்தையும் அடிமட்டத்தால் அளந்து பார். இடது வலது 55-க்கு 45-ஐத் தாண்டினால் 10 கிடைக்காது, 9 கிடைத்தால் தரக் கட்டணமே மிஞ்சாது. க்ரோமில் முகப்பை விளக்குக்குச் சரித்துப் பிடித்தால் அச்சுக் கோடு தெரியும், ஓரம் பார்க்கும் முன் அதைப் பார். அடிப்படை ஆர்.சி.யை அனுப்பாதே.

நூறு ஸ்லீவும் இருபத்தைந்து டொப்லோடரும் அம்மா போடுகிற பொதிக்குள் வைத்திருக்கிறேன், மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் இல்லை, பயப்படாதே. கிடைத்ததும் ஒரு சொல் அனுப்பு. சீரிஸ் 1 செக்லிஸ்ட் வந்ததும் நீ கோடிட்ட பெயர்களையும் அனுப்பு, சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா