தொண்டி மாடி அறைக்கு ஒரு டிரம் செட்

தங்கச்சிமடம்
ஐப்பசி மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குவைத்திலிருந்து திரும்பிய கையோடு தொண்டி வீட்டு மாடியில் பாட்டுப் பதிவுக்கென்றே ஓர் அறை எழுப்பிவிட்டாய் என்பதையும், கீபோர்டும் கிட்டாரும் மைக்குகளும் வந்து சேர்ந்து டிரம் செட் மட்டுமே பாக்கி என்பதையும் படித்தபோது, பத்தாம் வகுப்பில் இரண்டு ஸ்கேலால் பெஞ்சில் தாளம் தட்டி நீ வெளியே நின்ற நாள் நினைவுக்கு வந்து மனம் நிறைந்தது. இங்கே அம்மா நலம். மழை இறங்கினால் முழங்கால் வலி மட்டும் கூடுகிறது. வாடை தொடங்கிவிட்டதால் படகுகள் பாதி நாள் கரையில்தான் கிடக்கின்றன. அதனால் தேவாலயப் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் பயிற்சிக்கு ஆள் குறையாமல் வருகிறார்கள், எனக்கும் தினமும் இரண்டு மணி நேரம் டிரம் முன்னால் உட்காரக் கிடைக்கிறது.

எந்தக் கம்பெனி செட் வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். முதலில் சிம்பலை, அதாவது குச்சியால் அடிக்கும் அந்த வட்ட உலோகத் தட்டுகளை வாங்கு, மிச்சப் பணத்தில் டிரம்மை வாங்கு என்பதே என் பதில். பத்து ரூபாய் இருந்தால் ஐந்து ரூபாயைச் சிம்பலுக்கு ஒதுக்கிவிடு. இது உனக்கு வியப்பாக இருக்கும், ஏனென்றால் கடையில் கண்ணைப் பறிப்பது பளபளக்கும் டிரம்களே. ஆனால் சுமாரான டிரம்மைக்கூட நல்ல தோல் மாட்டி, பொறுமையாக ட்யூன் செய்து, உள்ளே ஒரு தலையணை வைத்து, மைக்கை நகர்த்தி, ஒருவாறு நல்ல குரலில் பேச வைத்துவிடலாம். சிம்பலுக்கு அப்படி ஒரு வழியும் கிடையாது. பட்டறையில் அதற்கு வாய்த்த குரல்தான் கடைசி வரை அதன் குரல்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதன்முதலில் செட் வாங்கியபோது, கூடவே வந்த சிம்பல்களே போதும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பிவிட்டேன். அந்த ஆண்டு குழுவின் பாடல்கள் ஆறையும் வீட்டு முன்னறையில் பதிவு செய்தோம். கேட்டுப் பார்த்தால், ஓங்கி அடிக்கும் கிராஷ் சிம்பல் விழும் இடங்களில் எல்லாம் தகரத்தைக் கல்லில் போட்டது போன்ற ஒரு சத்தம் எழுந்து, பாடிய பிள்ளைகளின் சொல்லையே விழுங்கியிருந்தது. அடியில் கம்பி கட்டிய ஸ்னேர் டிரம்முக்கு வைத்த மைக்கிலும் கம்பியில்லாத டாம் டிரம்களுக்கு வைத்த மைக்கிலும்கூட அதே சத்தம் ஒழுகியிருந்ததால், ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றும் சேர்ந்து குறைந்தது. மதுரையிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவரிடம் 18 அங்குல மெல்லிய கிராஷ் ஒன்றை இரவல் வாங்கி, அதே டிரம்களோடு, அதே அறையில் மறுபடி வாசித்தேன். பாட்டு மேலே வந்தது. டிரம்மில் ஒரு திருகைக்கூட நான் தொடவில்லை.

அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை நம் வீட்டுப் பாத்திரங்களை வைத்தே சொல்லலாம். குறைந்த விலைச் சிம்பல்களில் பல பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும். அதற்கு மேற்பட்டவை வெண்கலம், செம்பும் வெள்ளீயமும். அந்த வெண்கலத்திலும் இரண்டு வகை உண்டு: நூற்றுக்கு 8 பங்கு வெள்ளீயம் சேர்ந்ததைப் பி8 என்றும், 20 பங்கு சேர்ந்ததைப் பி20 என்றும் சொல்கிறார்கள். பி20 நம் கோயில் மணிக்கும் கைத்தாளத்துக்கும் நெருங்கிய உறவு. வெள்ளீயம் கூடக் கூட ஓசையில் அடுக்குகள் கூடுகின்றன. கூடவே உலோகம் நொறுங்கும் தன்மையையும் அடைகிறது. 1623இல் கான்ஸ்டான்டினோபிளில் தொடங்கிய, சிம்பல் செய்யும் ஜில்ஜியன் குடும்பத்தின் புகழ், வெள்ளீயம் மிகுந்த இந்த வெண்கலத்தை உடையாமல் தகடாக்கிய வித்தையில்தான் நிற்கிறது. அதற்காகப் பி8 எல்லாம் மட்டம் என்று எண்ணிவிடாதே. பைஸ்டே கம்பெனியின் ‘2002’ என்ற பெயர் கொண்ட சிம்பல் வரிசை அந்தக் கலவையில்தான் 1971 முதல் வருகிறது, உலகம் முழுவதும் மேடைகளில் ஒலித்திருக்கிறது. கலவையைவிட, யார் அதை எப்படி அடித்துச் சுழற்றி மெலிவித்தார்கள் என்பதைக் காதுதான் தீர்மானிக்க வேண்டும்.

உன் அறைக்கு வேண்டியது மெல்லிய சிம்பல். கனமான சிம்பல் மேடைக்கு உரியது. நான்கு கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே கனப்படுத்துகிறார்கள். பத்தடி உயரக் கான்கிரீட் கூரைக்குக் கீழே அதை அடித்தால் வெண்கலக் கடையில் யானை புகுந்த கதைதான். மெல்லியது மெதுவாகத் தட்டினாலும் உடனே மலரும், தாழ்ந்த குரலில் பேசும், சீக்கிரம் அடங்கும். காலால் மிதித்து மூடித் திறக்கும் 14 அங்குல ஹை-ஹாட் ஒரு சோடி, 18 அங்குலக் கிராஷ் ஒன்று, தாளத்தைத் தொடர்ந்து தட்டிப் போக 20 அல்லது 22 அங்குல ரைடு ஒன்று, இந்த மூன்றும் நல்லதாக இருந்தால் நீ எண்ணும் பாடல்கள் எல்லாவற்றுக்கும் போதும். இரண்டாவது கிராஷை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள். மூன்றில் எதற்காவது கூடுதலாகச் செலவிட வேண்டும் என்றால் ஹை-ஹாட்டுக்குச் செலவிடு. பாட்டின் முக்கால்வாசி நேரமும் ஒலிப்பது அதுதான்.

பழையது கிடைத்தால் தயங்காமல் வாங்கு, ஆனால் பார்த்து வாங்கு. விரல் நுனியைச் சிம்பலின் விளிம்போடு மெதுவாக ஒரு சுற்று ஓட்டு. மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. நடுத்துளை வட்டமாக இருக்கிறதா, தண்டில் உரசி உரசிச் சாவித்துளை போல நீண்டுவிட்டதா என்று பார். பிறகு ஒரு விரலில் தொங்கவிட்டுக் குச்சியால் தட்டு. நம் பாட்டிமார் வெண்கலப் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கினார்களே, அதே சோதனைதான். ஓசை நீண்டு கரைய வேண்டும். நடுவில் எங்கேனும் நமநமவென்று இரைந்தால் வேண்டாம் என்று எழுந்துவிடு.

இனி டிரம்முக்கு வருகிறேன். உன் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் என்று எழுதியிருக்கிறாய். அகலமும் உயரமும் ஒன்றாக அமைந்தது கொஞ்சம் தொல்லை. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,145 அடி போகும். பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே, விநாடிக்கு 57 அதிர்வுகள் கொண்ட ஒலி தானாகவே தேங்கி வீங்கும். உன் அறையில் சுவருக்கு ஒருமுறை, கூரைக்கு ஒருமுறை என்று அது இரட்டிப்பாகிறது. நீளத்துக்கு உரிய அதிர்வு 48. காலால் மிதித்து அடிக்கும் பெரிய பேஸ் டிரம்மின் அடித்தொனி வந்து உட்காருவதும் இந்த வட்டாரத்தில்தான். எனவே 22 அங்குலப் பேஸ் டிரம்மை விட 20 அங்குலம் உனக்கு நல்லது. அதைச் சற்று மேலே ட்யூன் செய்து இந்த வீக்கத்திலிருந்து விலக்க முடியும், இடமும் மிச்சம். டாம்கள் 10, 12, 14 அங்குலம் போதும். செட்டை அறையின் நட்டநடுவிலும் போடாதே, சுவரோடு ஒட்டியும் போடாதே. மகனைப் பேஸ் டிரம்மை மிதிக்கச் சொல்லிவிட்டு நீ அறையைச் சுற்றி நடந்து பார். ஓரிடத்தில் ஒலி வயிற்றில் இடிக்கும், ஓரிடத்தில் காணாமலே போகும். அறையின் மொத்த ஒலியைப் பிடிக்கும் ரூம் மைக்கை இந்த இரண்டு இடங்களிலும் வைக்காதே. கூரையில் நான்கு அங்குலக் கனத்துக்கு ராக்வூல் (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு) அடைத்த பலகைகளைத் தொங்கவிட்டால் சிம்பல் ஒலி மேலே பட்டுத் திரும்பி, செட்டுக்கு மேலே நிற்கும் ஓவர்ஹெட் மைக்கில் விழுவது பெருமளவு குறையும். முட்டை அட்டை ஒட்டாதே, பயன் இல்லை.

மரத்தைப் பற்றிக் கேட்டாய். மேப்பிள் எல்லாத் தொனியையும் சமமாகத் தரும், பிர்ச் நடுத்தொனியைச் சற்று ஒதுக்கி அடித்தொனியையும் மேல்தொனியையும் முன்னே தள்ளும், பாப்லரும் மகாகனியும் மென்மையாகப் பேசும் என்பார்கள். ஓரளவு உண்மைதான். யமஹா ரெக்கார்டிங் கஸ்டம் செட்கள் பதிவுக் கூடங்களில் பெயர் வாங்கியதற்குப் பிர்ச்சும் ஒரு காரணம், அதே கம்பெனியின் ஸ்டேஜ் கஸ்டம் நடுத்தர விலையில் முழுப் பிர்ச்சில் வருகிறது. பணம் கையைக் கடிக்காமல் இருக்க நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் மரத்தைவிட, தோல் உட்காரும் விளிம்பு முக்கியம். கடையில் கூச்சப்படாமல் ஒரு டாமின் தோலைக் கழற்றச் சொல். வெற்று உருளையைச் சமமான கிரானைட் பலகையில் கவிழ்த்து, உள்ளே டார்ச்சை எரியவிட்டு, கடை விளக்கை அணைக்கச் சொல். விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் அந்த டிரம் உனக்கு ஆயுளுக்கும் ட்யூன் ஆகாது.

தோல் விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். 1957 வாக்கில் பாலியெஸ்டர் தோல் சந்தைக்கு வரும் வரை டிரம் செட்கள் பெரும்பாலும் கன்றுத்தோலைத்தான் போர்த்தியிருந்தன. நம் கடற்கரை ஈரத்தில் அது தொய்ந்து, பறையைப் போல நெருப்பில் காட்டினால்தான் குரல் எழும் என்ற நிலையில் இருந்திருக்கும். டாமின் மேலே பூச்சிட்ட ஒற்றைத் தோல் அல்லது மெல்லிய இரட்டைத் தோல், கீழே தெளிவான ஒற்றைத் தோல், இதுவே போதும். ட்யூன் செய்யும்போது ஒவ்வொரு திருகுக்கும் ஓர் அங்குலம் உள்ளே தட்டி, மிருதங்கத்தின் 16 கண்களையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவருவது போல எல்லாத் திருகிலும் ஒரே ஓசை வரும்வரை பொறுமையாக இரு. கீழ்த்தோலை மேல்தோலைவிடச் சற்றே ஏற்றி வை.

உப்புக் காற்றைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பாதிதான். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை நூறாண்டுக்கும் மேலாக அரித்து வந்த காற்றும் உன் மாடிச் சன்னலில் நுழையும் காற்றும் ஒன்றுதான். என் முதல் ஸ்னேர் எஃகு உடல் கொண்டது. சன்னலைத் திறந்தே போட்டதில் இரண்டு மழைக்காலத்தில் குரோம் பூச்சு அம்மைத் தழும்பு போலக் குழிந்து, அடியில் உள்ள கம்பிகள் துருவேறி, தொடாமலே இரையத் தொடங்கிவிட்டது. ஆகையால் நீ மர ஸ்னேரோ பித்தளை ஸ்னேரோ வாங்கு. திருகுகளைக் கழற்றும்போதெல்லாம் ஒரு சொட்டு எண்ணெய் விடு. ஸ்னேர்க் கம்பி ஒரு செட் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். வாசித்து முடித்ததும் சிம்பலைப் பழைய வேட்டித்துணியால் துடைத்து உறையில் இடு. மாதம் ஒருமுறை கிணற்று நல்ல தண்ணீரில் கழுவி, உடனே ஈரம் இல்லாமல் ஒற்றி எடு. கம்பளி வளையம் உட்காரும் நடுத்துளையைச் சுற்றித்தான் பச்சைக் களிம்பு முதலில் பூக்கும். வளையம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதைத் தனியாக வெயிலில் காய வை. வீட்டில் யாராவது பாத்திரத்தோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்கிவிடாமல் பார்த்துக்கொள். புளி சிம்பலின் மேற்பூச்சையும் எழுத்தையும் எடுத்துவிடும், பல ஆண்டுகளில் படிந்து ஓசைக்கு அமைதி தந்த நிறத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

சிம்பலை ஸ்டாண்டில் மாட்டும்போது மேல் நட்டை இறுக்காதே. ஊஞ்சலைப் போல அசைய அதற்கு இடம் வேண்டும், இறுக்கினால் வெண்கலம் விரிசல் விடும். இன்னொன்று, காதுக்கு அடைப்பான் இல்லாமல் நீயும் மகனும் ஒருநாளும் வாசிக்க வேண்டாம். சிறிய அறையில் டிரம் 100 டெசிபலை எளிதாகத் தாண்டும். அந்த அளவில் காது பாதுகாப்பாகத் தாங்குவது நாளுக்குப் பதினைந்து நிமிடம்தான் என்பது கணக்கு. எனக்கு இடது காதில் இப்போதே மெல்லிய ரீங்காரம் இருக்கிறது, ஹை-ஹாட் பக்கம்.

தைப் பொங்கல் கழிந்த வாரம் தொண்டிக்கு வருகிறேன். அதற்குள் சிம்பல்களை மட்டும் வாங்கி வை; டிரம்மை நாம் இருவரும் மதுரைக்குப் போய்த் தட்டிப் பார்த்து எடுக்கலாம். திருகுகளைத் திருப்பும் டிரம் சாவியும், ஓவர்ஹெட் மைக்குகள் இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் நிற்கின்றனவா என்று அளக்க ஒரு பாகம் (இரு கை விரித்த நீளம்) தூண்டில் நரம்பும் நான் கொண்டுவருகிறேன். டார்ச் நீ எடுத்துக்கொள். மகனின் இடது கை ஓட்டம் எப்படி இருக்கிறது என்பதை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்