இயங்குதள அப்டேட்டுகள் கட்டணமாகிவிடும் என்று கூறிச் சந்தா வசூலிப்பது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் நிறுவன மடிக்கணினியின் பயனர்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: மடிக்கணினியில் தோன்றும் தவறான அறிவிப்பை நீக்கவும், அதன் பேரில் பெறப்பட்ட ஆண்டுச் சந்தாவைத் திருப்பித் தரவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனம் தயாரித்து, விண்டோஸ் 11 இயங்குதளத்துடன் விற்பனை செய்த மடிக்கணினியை நான் பயன்படுத்தி வருகிறேன். அதே மாதிரியைச் சேர்ந்த இன்னொன்று என் தாயாரிடம் உள்ளது. இரண்டு கணினிகளிலும் தங்கள் பராமரிப்புச் செயலி அண்மைக்காலமாகக் காட்டிவரும் ஓர் அறிவிப்பு, அதை நம்பி என் தாயார் செலுத்திய ஆண்டுச் சந்தா, அது குறித்து நான் விசாரித்தபோது தங்கள் உதவி மையம் அளித்த பதில் ஆகிய மூன்றையும் பற்றியதே இப்புகார்.

திரையின் வலது மூலையில் சிவப்புப் பட்டையுடன் தோன்றும் அந்த அறிவிப்பு, "உங்கள் கணினியின் அப்டேட் பாதுகாப்பு விரைவில் முடிவடைகிறது" என்கிறது. அதன் கீழே "தொடர்க" என்ற பெரிய பொத்தானும், சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் "பிறகு நினைவூட்டு" என்பதும் உள்ளன. வேண்டாம் என்று மறுப்பதற்கு வழியே தரப்படவில்லை. "தொடர்க" என்பதை அழுத்தியதும் கட்டணப் பக்கம் திறக்கிறது. ஆண்டுதோறும் சந்தாவைத் தானாகப் புதுப்பிக்க ஒப்புக்கொள்ளும் கட்டத்தில் முன்கூட்டியே டிக் இடப்பட்டிருக்கிறது. பக்கத்தின் அடியில் இருக்கும் நிபந்தனைகளைத் திறந்து படித்தால்தான், இத்திட்டத்தில் அடங்குவது தொலைபேசி உதவியும், தேவையற்ற கோப்புகளை நீக்கும் வசதியும், டிரைவர்களை (கணினியின் பாகங்களை இயங்குதளத்துடன் இணைக்கும் மென்பொருள்களை) சரிபார்க்கும் வசதியும் மட்டுமே என்பதும், விண்டோஸ் அப்டேட்டுகளுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதும் தெரியவருகின்றன. அதே கணினியின் அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அந்த மாதத்துக்கான பாதுகாப்புத் திருத்தம் எந்தக் கட்டணமும் இன்றி நிறுவப்பட்டிருந்தது. ஆகவே, முடிவடையப் போவதாகத் தாங்கள் கூறும் பாதுகாப்பு எது என்பதைத் தாங்களே விளக்க வேண்டும்.

இதைவிட எனக்கு வருத்தமளித்தது உதவி மையத்தின் பதில். இனிவரும் காலத்தில் விண்டோஸ் அப்டேட்டுகள் எல்லாருக்குமே கட்டணமாகிவிடும் என்றும், இப்போதே திட்டத்தில் சேர்ந்தால் இதே தொகையில் தொடரலாம் என்றும் தங்கள் பணியாளர் உறுதியாகக் கூறினார். இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டதற்கு, தள்ளுபடி தருவதாகச் சொன்னாரே தவிர, பதில் கூறவில்லை. அந்தப் பணியாளர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதைத்தான் அவர் படித்திருப்பார் என்று கருதுகிறேன்.

அப்டேட்டுகளுக்குப் பணம் கேட்கப்படுமோ என்ற கவலை மக்களிடம் இருப்பது உண்மை. அதற்குக் காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வருவதற்கு முன்பே, மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற விரும்பும் தனிநபர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 30 டாலர் கட்டணம் அறிவித்தது. நிறுவனங்களுக்கு அது முதலாண்டில் கணினி ஒன்றுக்கு 61 டாலர். அதன்பின் ஆண்டுதோறும் இரட்டிப்பாகும். ஆனால், தனிநபர்கள் தங்கள் கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்து வைத்தால் அதே திருத்தங்களை இலவசமாகப் பெறலாம் என்ற வழியும் பின்னர் அறிவிக்கப்பட்டது. மேலும், இவை யாவும் ஆதரவுக் காலம் முடிந்த ஒரு பழைய பதிப்புக்கானவை. ஆதரவில் இருக்கும் விண்டோஸ் 11-க்கு மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகும் திருத்தங்களுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. பழைய பதிப்புக்கான கட்டணச் செய்தியை எடுத்துப் புதிய பதிப்பை வைத்திருப்பவரிடம் காட்டி அச்சுறுத்துவதை நேர்மையான விற்பனை என்று என்னால் ஏற்க இயலவில்லை.

வரலாறும் தங்கள் பணியாளர் சொன்ன திசையில் மட்டும் செல்லவில்லை. ஆப்பிள் நிறுவனம் தன் மேக் இயங்குதளத்தின் புதிய பதிப்புகளை ஒரு காலத்தில் 129 டாலருக்கு விற்றது; 2009-இல் அது 29 டாலராகக் குறைந்து, 2013-இல் வெளியான மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து முற்றிலும் இலவசமானது. விண்டோஸ் 10-உம் 2015-இல் வெளியானபோது, விண்டோஸ் 7, 8.1 பயனர்களுக்கு முதல் ஓராண்டு இலவச மேம்படுத்தலாகவே தரப்பட்டது. நாளை எந்த நிறுவனமும் தன் கொள்கையை மாற்றிக்கொள்ளலாம். அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. புதிய வசதிகளுக்குப் பணம் கேட்டால், வேண்டுமா வேண்டாமா என்று வாங்குபவர் முடிவு செய்துகொள்வார். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் என்பது புதிய வசதி அன்று. விற்கப்பட்ட பொருளில் இருந்த குறையைச் சரிசெய்வது. இயங்குதளத்தின் உரிமத் தொகை கணினியின் விலையிலேயே அடங்கியிருக்க, அதில் உள்ள ஓட்டையை அடைப்பதற்கு வாங்கியவரிடமே மறுபடியும் பணம் கேட்பது எந்த வகையிலும் முறையாகாது.

இதில் பாதிக்கப்படுவோர் அந்தக் கணினியின் உரிமையாளர் மட்டுமல்லர். 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிவைத்து, அவற்றை விடுவிக்கப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகளின் பணிகளையும் முடக்கியது. அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தும், ஏராளமான கணினிகளில் அது நிறுவப்படாமல் இருந்தது. 2014-இலேயே ஆதரவு நின்றுபோன விண்டோஸ் எக்ஸ்பி பதிப்புக்கும் மைக்ரோசாஃப்ட் அப்போது இலவசமாகத் திருத்தம் வெளியிட்டது. அப்டேட் என்றாலே பணம் கேட்பார்கள் என்ற எண்ணத்தைத் தங்கள் அறிவிப்பு ஒருவர் மனத்தில் விதைத்துவிட்டால், அவர் உண்மையான இலவச அப்டேட்டையும் சந்தேகித்துத் தள்ளிப்போடுவார். என் தாயார் இப்போது விண்டோஸ் கேட்கும் ரீஸ்டார்ட்டைக்கூட அனுமதிக்க அஞ்சுகிறார்.

தங்கள் பொறுப்பில் வரும் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்), ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்), டிரைவர் ஆகியவற்றின் அப்டேட்டுகள் பற்றியும் நான் தெளிவு பெற வேண்டியுள்ளது. டிரைவர்களைச் சரிபார்ப்பது சந்தாத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளதால், சந்தா செலுத்தாதவர்களுக்கு அவற்றின் பாதுகாப்புத் திருத்தங்கள் மறுக்கப்படுமா என்ற ஐயம் எழுகிறது. டிஜிட்டல் பொருள்களுக்கான பாதுகாப்புத் திருத்தங்களைத் தயாரிப்பாளர்கள் நுகர்வோருக்கு இலவசமாக வழங்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சட்டம் இயற்றியுள்ளது. அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் நடைமுறைக்கு வருகின்றன. உலகின் ஒரு பகுதியில் சட்டப்படி செய்யப்போவதை மற்ற வாடிக்கையாளர்களுக்கும் செய்வதில் தங்களுக்குத் தடை இருக்காது என்று நம்புகிறேன்.

எனவே, என் தாயாரிடமிருந்து பெற்ற சந்தாத் தொகையை முழுமையாகத் திருப்பித் தந்து, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டையும் ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த அறிவிப்பை எல்லாக் கணினிகளிலிருந்தும் நீக்க வேண்டும். திட்டத்தைத் தொடர்ந்து விற்பதானால், விண்டோஸ் அப்டேட்டுகள் அதில் அடங்கா என்பதைக் கட்டணப் பக்கத்தின் மேற்பகுதியிலேயே தெளிவாக எழுதி, மறுக்கும் பொத்தானையும் வைக்க வேண்டும். இந்த மாதிரிக்குத் தங்கள் ஃபர்ம்வேர் திருத்தங்கள் எந்தத் தேதி வரை இலவசமாகக் கிடைக்கும் என்பதையும், அப்டேட்டுகள் கட்டணமாகிவிடும் என்று உதவி மையம் கூறியதற்கான ஆதாரத்தையும் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். ஆதாரம் இல்லையெனில், அதே பேச்சைக் கேட்டுச் சந்தா செலுத்திய மற்ற வாடிக்கையாளர்களுக்கும் உண்மையைத் தெரிவித்து, விரும்புவோருக்குப் பணத்தைத் திருப்பித் தருவது தங்கள் கடமை.

அறிவிப்பின் திரைப்பிடிப்புகளையும் (ஸ்கிரீன்ஷாட்) பணம் செலுத்தியதற்கான ரசீதையும் இத்துடன் இணைத்துள்ளேன். தொலைபேசியில் அன்றி எழுத்தில் பதில் அளிக்குமாறு வேண்டுகிறேன். உரிய பதில் கிடைக்காவிட்டால், நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: திரைப்பிடிப்புகள், கட்டண ரசீது நகல்