ஆளுக்கொரு பெட்டி வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

படக்கதைகளையும் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) செயல்பாடுகளையும் சேர்த்து, குழந்தைகளுக்குப் பிறரோடு பழகக் கற்றுக்கொடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். கட்டுரையின் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதில் சொல்லியிருந்த இரண்டு விஷயங்கள் காரியத்தையே கெடுத்துவிடும் என்று தோன்றியது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக ஒரு செயல்பாட்டுப் பெட்டி கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. கதை முடிந்ததும் "இந்தக் கதை சொல்லும் நீதி என்ன?" என்று கேட்க வேண்டும் என்பது மற்றொன்று.

முதலில் பெட்டி. ஆளுக்கொரு கத்தரிக்கோல், ஆளுக்கொரு பசை, ஆளுக்கொரு பேட்டரி என்று கொடுத்தால் வகுப்பு அமைதியாக இருக்கும், உண்மைதான். யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியதில்லை என்றால், எப்படிக் கேட்பது, தரமாட்டேன் என்றால் என்ன செய்வது, எவ்வளவு நேரம் பொறுப்பது என்று எதுவும் படியாது. நான்கு பேருக்கு ஒரு கத்தரிக்கோல் கொடுத்துப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் "டீச்சர், இவன் தரமாட்டேங்கறான்" என்ற புகார்தான் வரும். உடனே ஓடிப்போய்ப் பஞ்சாயத்து பண்ணாமல் கொஞ்சம் பொறுத்தால், நான்கில் ஒரு குழந்தை "நீ வெட்டு, நான் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்துப் பள்ளிகளில், வெவ்வேறு இனக் குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்து உட்காரவைத்தபோது வகுப்புகளில் பகை மூண்டது. உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் அதற்கு உபதேச வகுப்பு நடத்தவில்லை. பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார்கள். மற்றவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்காவிட்டால் முழுப் பாடமும் கையில் கிடைக்காது. 'ஜிக்சா வகுப்பறை' என்று இன்றும் பல நாடுகளில் கையாளப்படுவது இதுதான். தனித்தனிப் பெட்டி இதற்கு நேர் எதிர்.

எந்தச் செயல்பாடு இதற்குச் சரிப்படும் என்று கேட்டால், நான் முதலில் காகிதக் கப் டெலிபோனைத்தான் சொல்வேன். நம்மில் பலர் சிறுவயதில் தீப்பெட்டியில் செய்தோமே, அதேதான். இரண்டு காகிதக் கப்புகளின் அடியில் ஊசியால் துளை போட்டு, நீளமான நூலைக் கோத்து, உள்பக்கம் ஒரு தீக்குச்சித் துண்டில் முடிச்சுப் போட வேண்டும். பேசும்போது கப்பின் அடி அதிர்கிறது, அந்த அதிர்வு நூல் வழியே போய் மறுமுனைக் கப்பை அதிரவைக்கிறது. ஆனால் நூல் தொய்ந்தால் ஒன்றும் கேட்காது. ஒருவர் முன்னால் வந்துவிட்டால் மற்றவர் பின்னால் போக வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு கப்பின் அடியைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். நடுவில் யாராவது நூலை விரலால் தொட்டால் அதிர்வு அங்கேயே அடங்கிவிடும். கப்பை ஒரே நேரத்தில் வாயிலும் காதிலும் வைக்க முடியாது என்பதால் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தே ஆக வேண்டும். வழக்கமாக எல்லாரையும் முந்திக்கொண்டு பேசும் பிள்ளைகூட கப்பைக் காதில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்பதைப் பார்க்கலாம். "உறவும் இப்படித்தான் குழந்தைகளே, நூலை ரொம்ப இழுக்கக் கூடாது" என்று சொல்ல நமக்கு நாக்கு துறுதுறுக்கும். தயவுசெய்து வேண்டாம். நூலும் கப்பும் சொல்லிவிட்டன. நாம் வேறு எதற்கு?

காகிதப் பாலமும் நல்லது. இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஒரே ஒரு தாள், அதன் மேல் எத்தனை நாணயம் நிற்கும்? தாளைச் சப்பையாக வைத்தால் இரண்டு மூன்று நாணயத்திலேயே தொங்கிப்போகும். விசிறி மடிப்பு மடித்தால் அதே தாள் பல மடங்கு தாங்கும். எனக்கு இதில் பிடித்தது பாலத்தைவிட, அதற்கு முன்னால் நடக்கும் வாக்குவாதம். ஒருத்தி சுருட்டலாம் என்பாள், இன்னொருவன் மடிக்கலாம் என்பான். யார் சொல்வது சரி என்று டீச்சரிடம் வருவார்கள். "இரண்டையும் செய்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னால் போதும். தீர்ப்பு சொல்வது நாணயம். அதன் மேல் யாருக்கும் கோபம் வராது. "உன் யோசனை நிற்கவில்லை" என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, யோசனை விழுந்ததால் தான் விழுந்துவிடவில்லை என்பது மெல்லப் புரியும். பெரியவர்களிலேயே பலருக்கு இது புரியாமல்தானே கூட்டங்கள் நடக்கின்றன!

இனி கதைக்கு வருகிறேன். படக்கதையில் எழுத்து சொல்லாததைப் படம் சொல்லும். ஒரு பக்கத்தில் கரடிக்குட்டி கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பக்கத்தில் கோபுரம் சரிந்து கிடக்கிறது, பக்கத்தில் முயல் நிற்கிறது. "யார் தள்ளியது?" என்றால் வகுப்பே "முயல்!" என்று கத்தும். "தள்ளியதை யார் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். சட்டென்று ஒரு மௌனம். பிறகு மூலையில் இருக்கும் ஒரு குழந்தை, ஜன்னல் திறந்திருப்பதையும் திரைச்சீலை படபடப்பதையும் விரல் வைத்துக் காட்டும். பார்த்தது எது, நாமாக நினைத்துக்கொண்டது எது என்று பிரிப்பது அறிவியலின் முதல் பாடம். "அவள் வேண்டுமென்றேதான் இடித்தாள்" என்று அழுதுகொண்டு வரும் குழந்தைக்குத் தேவைப்படுவதும் அதே பாடம்தான். கதையும் செய்முறையும் சேர வேண்டிய இடம் இது. கட்டுரை இதைத் தொடாமல் போனது எனக்கு வருத்தம்.

மற்றவர் மனதில் இருப்பது வேறு, நமக்குத் தெரிந்தது வேறு என்பதே குழந்தைகளுக்குப் போகப் போகத்தான் பிடிபடுகிறது. 1983-இல் விம்மர், பெர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தது ஒரு குட்டிக் கதையை வைத்துத்தான். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை நீல அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதைப் பச்சை அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வரும் மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் பச்சை அலமாரியைக் காட்டும். தங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கும். நான்கு, ஐந்து வயதைத் தாண்டும்போதுதான் "அவனுக்குத் தெரியாதே!" என்ற பதில் வரத் தொடங்கும். அதனால் மூன்று வயதுப் பிள்ளையிடம் "அவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்" என்று அதட்டிப் பயனில்லை. படத்தில் உள்ள முகத்தைக் காட்டி "இவனுக்கு இது தெரியுமா?" என்று கேட்கலாம். அது வயதுக்கேற்ற கேள்வி.

நீதி கேட்பதில் என்ன குறை என்றால், பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லித் தப்பித்துவிடுவார்கள். "பகிர்ந்து உண்ண வேண்டும், மிஸ்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு, இடைவேளையில் பென்சிலுக்கு அடித்துக்கொள்வார்கள். 1988-இல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் செய்த ஆய்வில், பெற்றோர் வாசித்துக்கொண்டே போகாமல், திறந்த கேள்விகள் கேட்டு, குழந்தை சொல்வதை நீட்டித்து, கடைசியில் குழந்தையையே கதைசொல்லியாக்கியபோது பேச்சுத்திறன் நன்றாக வளர்ந்தது. மனதில் இருப்பதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கையை ஓங்கும் தேவை குறையும் என்பது என் வகுப்பறை அனுபவம்.

இதெல்லாம் பாட நேரத்தைத் தின்றுவிடும் என்பவர்களுக்கு ஒரு தகவல். சமூக, உணர்வுத் திறன்களைக் கற்பிக்கும் 213 பள்ளித் திட்டங்களை, 2,70,000 மாணவர்களுக்கு மேல், ஒன்றாகத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை 2011-இல் வந்தது. அத்தகைய திட்டங்களில் இருந்த சராசரி மாணவர், படிப்பிலும் நூறு பேர் வரிசையில் 11 இடம் முன்னே போயிருந்தார்.

வீட்டில் ஒற்றைக் குழந்தையாக இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்கக்கூடும். சரி, நீங்களே ஜோடியாக உட்காருங்கள். ஆனால் குழந்தையைவிட நன்றாகச் செய்துகாட்டாதீர்கள். அப்பாக்கள் இதில் கொஞ்சம் மோசம். பாலம் கட்ட உட்கார்ந்தால் தாள் திரும்பப் பிள்ளை கைக்கு வராது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் சிறுவர் பக்கத்தில் செய்முறை வெளியிடும்போது, 'தேவையான பொருட்கள்' என்ற பட்டியலுக்கு மேலே 'எத்தனை பேர் சேர்ந்து செய்வது' என்று ஒரு வரி போடுங்கள். நான்கு பேர் என்றால் கத்தரிக்கோல் ஒன்று என்றே அச்சிடுங்கள். படம் போடும்போதும், செய்து முடித்த பொருளோடு சிரித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்குப் பதிலாக, பாதியில் நிற்கும் வேலையையும் அதைச் சுற்றிக் குனிந்திருக்கும் தலைகளையும் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்