அப்பாவின் பம்பிங்கும் நீ அனுப்பிய ஜெல்லும்

அன்புள்ள தம்பி,

அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருக்கிறார். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். அதனால்தான் எழுதுகிறேன்.

அட்டாக் வந்த இதயத்தில் ஊசியாகப் போடுகிற, பன்றி இதயத்திலிருந்து எடுக்கிற ஜெல் பற்றி நீ அனுப்பியதிலிருந்து, "பையன் அமெரிக்காவில் விசாரிக்கிறான்" என்று வாக்கிங் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதய வார்டில் வேலை பார்த்தவள் நான், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஜெல் பொய் என்று சொல்லவில்லை. அட்டாக்கில் செத்த இதயத் தசை நமக்குத் திரும்ப முளைப்பதில்லை. 25 வயதிலேயே வருஷத்துக்கு நூற்றுக்கு ஒரு தசைச் செல்தான் புதிதாக வருகிறது, 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. செத்த இடம் தழும்பாகி மெலிகிறது. இதயத்தின் அறை விரிகிறது, விரிய விரியச் சுவரில் இழுவிசை ஏறுகிறது, அதனால் இன்னும் விரிகிறது. அப்பாவின் எக்கோ ஸ்கேனில் சுற்றிலும் துடிக்க, நுனிப் பக்கம் மட்டும் சும்மா நின்றதை நீயும் பார்த்தாயே. பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் அறை வெளியே தள்ளுகிற ரத்தம், 35 சதவீதம் என்று எழுதியிருந்ததற்கு அதுதான் காரணம்.

அந்தச் சுவரைத்தான் தாங்கிப் பிடிக்கப் பார்க்கிறார்கள். சான் டியாகோவில் கேரன் கிறிஸ்ட்மன் குழு செய்வதைப் படித்தபோது அசந்துதான் போனேன். பன்றி இதயத் தசையை நறுக்கி, செல்லெல்லாம் கரைந்து வெறும் வெள்ளைச் சட்டகம் மிஞ்சும்வரை டிடர்ஜென்டில் அலசுகிறார்கள். அதை உலர்த்திப் பொடித்து, நம் வயிற்றில் சுரக்கிற பெப்சினை விட்டுக் கரைக்கிறார்கள். வெளியில் திரவமாக இருப்பது உடம்புச் சூட்டில் ஜெல்லாக உறைகிறது. தொடை வழியாக கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு, உள்ளிருந்தே தசையில் பல இடங்களில் ஊசி போடுகிறார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டாம். எனக்குப் பிடித்ததே அதுதான்.

சரி, எத்தனை பேருக்குப் போட்டார்கள்? 2019-இல் வந்த முடிவில் 15 பேர். அட்டாக் வந்து 60 நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் இருந்தவர்கள். ஆபத்தில்லாமல் போட முடிகிறதா என்றுதான் முதலில் பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஜெல் போடாத கூட்டமே கிடையாது. கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற இன்னொரு ஜெல்லை 303 பேரிடம் சோதித்தார்கள், அட்டாக் வந்த சில நாளிலேயே ரத்தக்குழாய் வழியாக. ஆறு மாதம் கழித்து அளந்தால், போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் அறையின் அளவில் வித்தியாசமே இல்லை. விலங்குகளில் நன்றாக வேலை செய்த சரக்குதான் அது.

அப்பா இப்போது என்ன சொல்கிறார் தெரியுமா? "ஜெல் போட்டுவிட்டால் இத்தனை மாத்திரை எதற்கு?" போன வாரம் அவருடைய இதய மாத்திரை ராமிப்ரில் அட்டையை எண்ணிப் பார்த்தேன், இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தது. அதே குடும்பத்து கேப்டோபிரிலை அட்டாக் வந்த 2,231 பேரிடம் சோதித்து 1992-இல் எழுதினார்கள். சாவு 19 சதவீதம் குறைந்தது. அறை விரியாமல் காக்கிற வேலையைத்தான் அந்தச் சின்ன மாத்திரையும் செய்கிறது. பேப்பரில் படம் போடுகிற மாதிரி இல்லாததால் அவருக்கு அது மருந்தாகவே தெரியவில்லை.

நான் சொன்னால் கேட்க மாட்டார், நர்ஸ் வேலையை வீட்டிலும் பார்க்கிறாள் என்பார். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது அவரே ஜெல் பேச்சை எடுப்பார். 15 பேர், 2,231 பேர், இரண்டு கணக்கையும் சொல். ஆசையை ஒரேயடியாக வெட்டிவிடாதே, "வரட்டும்பா, பார்க்கலாம்" என்று சொல். அடுத்த மாதம் எக்கோ இருக்கிறது, ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா