பதிவேட்டில் நான் எழுதியது

அரவேனு,
ஞாயிறு இரவு

அன்புத் தம்பிக்கு,

நீ கேட்ட உன் பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. டிரங்குப் பெட்டியில், அப்பாவின் கொழுந்துக் கணக்கு நோட்டுக்கு அடியில் இருந்தது. ‘பாலினம்: பெண்’ என்ற வரியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 29 வருஷ நர்ஸ் வேலையில் எத்தனை பதிவேட்டில் அந்தச் சொல்லை எழுதியிருப்பேன்! பிறந்த பிள்ளையை ஒரு தடவை பார்ப்போம், எழுதுவோம், கையெழுத்துப் போடுவோம். அரை நிமிஷ வேலை.

“நான் பெண் இல்லைம்மா, ஆண்” என்று நீ முதலில் சொன்னபோது, “நான் வளர்த்ததில் என்ன தப்பு?” என்று கேட்டேனே, மறந்திருக்க மாட்டாய். அண்ணனின் ஸ்வெட்டரை உனக்குப் போட்டதாலா, பேனுக்குப் பயந்து முடியை ஒட்ட வெட்டியதாலா, நீ வயிற்றில் இருக்கும்போது சாப்பிட்ட மாத்திரையாலா என்று இரண்டு வருஷம் எனக்குள்ளேயே குடைந்துகொண்டிருந்தேன்.

ரிட்டயர் ஆன பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். கனடாவில் 1965-இல் பிறந்த டேவிட் ரைமர் என்பவருக்குக் கைக்குழந்தையில் முன்தோல் நீக்கும்போது உறுப்பு கருகிப்போனது. ஜான் மணி என்ற உளவியலாளர் சொல்படி பெண்ணாக வளர்த்தார்கள். கவுன், பெண் பெயர், பிறகு பெண் ஹார்மோனும். பிறந்தது ஆணாக என்பதையே மறைத்தார்கள். அந்தப் பிள்ளைக்கு எதுவும் ஒட்டவில்லை. பதினாலு, பதினைந்து வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாக வாழத் தொடங்கினார். 38 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். இதைப் படித்த அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் சேர்ந்து அத்தனை வருஷம் வளர்த்தும் மாற்ற முடியாததை, ஒரு பழைய ஸ்வெட்டரா மாற்றியிருக்கும்?

கருவில் முதல் ஆறு வாரம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அமைப்புதான். பிறகு ஒய் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு விரையை உண்டாக்குகிறது; அதிலிருந்து ஆண் ஹார்மோன். உறுப்பு உருவாவது முதல் மூன்று மாதத்தில், மூளை வளர்வதோ அதற்குப் பிறகும் நீள்கிறது. காலம் வேறு என்பதால் இரண்டும் வேறு திசையில் போகக்கூடும் என்று சில ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியின் கோளாறால் கருவிலேயே ஆண் ஹார்மோன் கூடிப்போன பெண் குழந்தைகள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் தங்களைப் பெண்ணாகவே உணர்கிறார்கள். ஆனால் ஆணாக உணர்பவர்கள் மற்ற பெண்களிடையே இருப்பதைவிட அவர்களிடையே அதிகம். ஆக, ஹார்மோன் ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுவதில்லை. இதுதான் காரணம் என்று ஒரு மரபணுவையும் யாரும் காட்டிவிடவில்லை.

ஒரு குழந்தையின் நினைவு விடவே மாட்டேன் என்கிறது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாமல் மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சில மாதத்தில் ஆபரேஷன் செய்து, பெண் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். “இனிக் கவலையில்லை” என்று அந்தத் தாயிடம் சொன்னவள் நான். அப்படிப்பட்ட ஆபரேஷன் கூடாது என்று 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது; உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிரக் கூடாது என்று அரசும் ஆணை போட்டது. உன் விஷயம் அது இல்லை, தெரியும். உன் உடம்பில் டாக்டர் தொட்டுக் காட்ட எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைக்கும் உனக்கும் பதில் சொல்ல வாய் வருவதற்கு முன்பே நாங்கள் எழுதி முடித்திருந்தோம்.

வாய் வந்த பிறகு நீ சொல்லத்தான் செய்தாய். நாலு வயதில் அங்கன்வாடியில் பையன்கள் வரிசையில் போய் நின்றாய். மூன்று தடவை கையைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் விட்டேன். மூன்று தடவையும் அங்கேயே போய் நின்றாய். அழக்கூட இல்லை.

அப்பத்தா இன்னும் ‘பாப்பா’ என்றுதான் சொல்கிறார். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ மனசில் வைத்துக்கொள்ளாதே. நாளைக் காலை பஸ்ஸில் கோத்தகிரி போய்ச் சான்றிதழை ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். உறையில் உன் புதுப் பெயரை எழுதிவிட்டேன், முன்னால் ‘திரு’ போட்டு. கிடைத்ததும் போன் பண்ணு.

அம்மா