சாலொமோனின் அமஞ்சி ஆட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதாகம அறிஞர் வால்டர் புரூகமன் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சமூக நீதிக்காக அவர் எழுப்பிய குரலைப் பற்றி விரிவாகச் சொன்ன கட்டுரை, அவர் ஒரு வாத்தியார் என்பதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டது. 1961 முதல் 2003 வரை ஈடன், கொலம்பியா என்ற இரண்டு அமெரிக்க இறையியல் கல்லூரிகளில் பழைய ஏற்பாடு நடத்தியவர் அவர். அவர் பேசிய நீதியெல்லாம் அந்த வகுப்பறையில் விளைந்தது என்றே நான் நம்புகிறேன்.

நான் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவள். இஸ்ரவேலின் ராஜா சாலொமோன் எருசலேமில் கட்டிய ஆலயத்தைப் பற்றிய பாடத்தைப் பல வருஷம் நடத்தியிருக்கிறேன். நீளம் 60 முழம், அகலம் 20 முழம், உள்ளே பொன்தகடு, கேதுரு மரம். பிள்ளைகள் ஒப்பிப்பார்கள், பரிசும் கொடுப்போம். அதற்கு முந்தின அதிகாரத்திலேயே, வேதாகமத்தின் 1 இராஜாக்கள் புத்தகம் 5:13-இல், 30,000 அமஞ்சி ஆட்களை ராஜா பிடித்தான் என்று இருக்கிறது. அந்த வசனத்தை நான் ஒருமுறைகூட நடத்தியதில்லை. அமஞ்சி என்றால் கட்டாய வேலை என்று சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

1978-இல் வந்த 'தி ப்ராஃபெடிக் இமாஜினேஷன்' நூலில் புரூகமன் கைவைத்தது இந்த இடத்தில்தான். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளை மோசே விடுவித்தார். சாலொமோனோ எகிப்தின் ராஜாவான பார்வோனின் வழக்கத்தை எருசலேமுக்கே கொண்டுவந்துவிட்டான் என்கிறார். வெளியிலிருந்து எந்தக் கொள்கையையும் அவர் இறக்கவில்லை. நாம் தாண்டிப்போகும் வசனத்தில் விரலை வைத்து நிறுத்துகிறார், அவ்வளவுதான்.

ஏழாம் நாளில் வேலை செய்யாதே என்ற ஓய்வுநாள் கட்டளையும் அப்படியே. யாத்திராகமம் 20-ஐ மனப்பாடம் செய்யவைக்கிறோம். அங்கே காரணம், தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமம் 5-இல் காரணமே வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதனால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறட்டும். பக்தி வேறு, நியாயம் வேறு என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும்.

சென்ற மாதம் அமஞ்சி வசனத்தை முதல்முறையாக வகுப்பில் வாசித்தேன். "அவங்களுக்குக் கூலி கொடுத்தாங்களா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். வசனத்தில் கூலி பற்றி ஒன்றுமில்லை என்றேன். அப்புறம் அந்த ஜனங்கள் சும்மா இருந்தார்களா என்று இன்னொருவன் கேட்டான். வரும் ஞாயிறு 12-ஆம் அதிகாரத்தை எடுக்கப்போகிறேன். எங்கள் நுகத்தை இலேசாக்கும் என்று ஜனங்கள் சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜாவிடம் நேரே போய்க் கேட்கும் அதிகாரம் அது.

இப்படிக்கு,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை